படத்தில் இல்லாத டயோடு: 64 புள்ளி எல்இடி கோலப் பலகை, ஒரு நிகழ்வு ஆய்வு

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சாந்திக் கல்யாணம். முகப்பில் நிறுத்தி வைக்க ஒரு கோலப் பலகை வேண்டும் என்று கேட்டார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த பிளைவுட் பலகையில் அந்த வீட்டு ஆச்சி தன் கையாலேயே 8க்கு 8 நேர்ப்புள்ளி வைத்து, வெள்ளைப் பெயின்டில் சிக்குக் கோலம் போட்டுக் கொடுப்பார். புள்ளி இருக்கிற 64 இடத்திலும் நான் எல்இடி வைக்க வேண்டும். வாசலில் கோலம் போடும்போது கை எந்த வரிசையில் புள்ளி வைத்துக்கொண்டு போகுமோ, அதே வரிசையில் ஒவ்வொன்றாக எரிய வேண்டும்.

ஆச்சி இரண்டே நிபந்தனைதான் வைத்தார். சாயங்காலம் ஐந்து மணி வெளிச்சத்திலேயே புள்ளி பளிச்சென்று தெரிய வேண்டும். அப்புறம், சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில் வீடியோ எடுப்பார்கள், அதில் கறுப்புக் கோடு கோடாக ஓடக் கூடாது. "போன விசேஷத்துல ஒரு போர்டு வச்சாக தம்பி, வீடியோவுல பாத்தா வெட்டி வெட்டித்தான் தெரிஞ்சுச்சு" என்றார். இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்துதான் என்னைப் பிக்சல் சுற்றுக்குள், அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக எரிய வைக்கும் சுற்றுக்குள், இழுத்துக்கொண்டு போனது. அதில் நான் எங்கே தடுக்கினேன், எப்படி வெளியே வந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் யாருக்காவது ஒரு வாரம் மிச்சமாகும்.

முதலில் ஒரு புள்ளியைப் பார்ப்போம். நான்கு சிவப்பு 5 மில்லிமீட்டர் எல்இடி தொடராக, மேலே பால் நிற அக்ரிலிக் மூடி. சிவப்பு எல்இடி ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட் விழும், நான்குக்கு 8. சப்ளை 12 வோல்ட், ஆகவே மிச்சம் இருக்கிற 4 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 270 ஓம் போட்டால் 14.8 மில்லி ஆம்பியர் ஓடும். எல்இடியைப் பொறுத்தவரை நாம் கட்டுப்படுத்துவது மின்னோட்டத்தை; வோல்ட்டேஜ் அதன் பின்னால் வரும். ரெசிஸ்டரில் சூடாகப் போவது 60 மில்லிவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு, கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். 64 புள்ளியும் சேர்ந்து எரிந்தால் 0.95 ஆம்பியர், அதாவது 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும். இதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் எல்லாம் 64 புள்ளியைத் தனித்தனியாக எப்படி ஆணையிடுவது என்பதில்தான்.

எல்லாரும் செய்வதையே நானும் முதலில் செய்தேன். மல்டிபிளெக்ஸிங். 8 வரிசைக்கு ஸ்விட்ச் மாதிரி வேலை செய்ய 8 ஐஆர்எஃப்9540 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், 8 நெடுவரிசைக்கு மின்னோட்டத்தை இழுக்க ஒரு யுஎல்என்2803 சிப், நடுவில் புரோகிராம் ஏற்றி ஆணையிட அர்டுயினோ நானோ என்ற சின்னப் போர்டு ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு வரிசைதான் எரியும், வேகமாக மாற்றிக்கொண்டே போனால் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவது போலத் தெரியும். நொடிக்கு 100 முறை முழுப் பலகையையும் சுற்றினேன். பக்கத்து வரிசையில் மங்கலாக ஒரு பேய் வெளிச்சம் வந்தது. மாஸ்ஃபெட்டை அணைக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-அப்) வழியாக அதன் கேட், அதாவது கட்டுப்பாட்டு முனை, அணைய பத்துப் பதினைந்து மைக்ரோ நொடி எடுக்கிறது, அதற்குள் அடுத்த வரிசை திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். புல்-அப்பை 1 கிலோ ஓம் ஆக்கி, வரிசை மாறும் இடத்தில் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் அணைத்து வைத்ததும் சரியாகிவிட்டது.

ஆனால் வெளிச்சம்? ஒவ்வொரு புள்ளியும் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது. 15 மில்லி ஆம்பியர் ஓடினாலும் சராசரி 2 மில்லி ஆம்பியருக்கும் கீழே. சரி, மின்னோட்டத்தை ஏற்றுவோம் என்று 60 வரை கொண்டுபோனேன், அப்போதும் சராசரி 7.5தான், தேவையில் பாதி. அதற்கு மேல் ஏற்ற எல்இடி இடம் கொடுக்காது. அந்த நிலையில் ஒரு நாள் புரோகிராம் ஓரிடத்தில் மாட்டி நின்றுவிட்டது. ஸ்கேன் நின்றதும் மூன்றாவது வரிசை மட்டும் 60 மில்லி ஆம்பியரில் இடைவிடாமல் எரிந்து, நான் கவனிப்பதற்குள் இரண்டு எல்இடி போய்விட்டன. வீடியோவிலோ ஆச்சி சொன்ன அதே கறுப்புப் பட்டை. போன் கேமரா ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகத்தான் படிக்கிறது, நம் வரிசைகளும் மாறி மாறித்தான் எரிகின்றன, இரண்டும் ஒத்துப் போகாத இடமெல்லாம் இருட்டாக விழும். ஸ்கேன் வேகத்தைக் கூட்டினால் பட்டை மெலியும், ஆனால் வெளிச்சம் ஒரு துளி கூடாது. இரண்டு நிபந்தனையும் நிறைவேறாததற்குக் காரணம் ஒன்றுதான்: நான் அந்த வரிசையை விட்டு நகர்ந்ததும் புள்ளிக்குத் தான் எரிய வேண்டும் என்பது மறந்துபோகிறது.

அப்படியானால் புள்ளிக்கு ஞாபகம் வேண்டும். இது புது யோசனை இல்லை. 1970களில் வெஸ்டிங்ஹவுஸில் டி. பீட்டர் பிராடியின் குழு, கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் படிய வைத்த டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் தனி ஸ்விட்ச் வைத்தது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஓஎல்இடி போன் திரைக்கெல்லாம் அடிப்படை அந்த வழிதான். பாடத்தில் வரும் எளிமையான வடிவத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு டிரான்சிஸ்டரும், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டரும் இருக்கும். முதல் டிரான்சிஸ்டர் கதவு. வரிசைக் கம்பி அதைத் திறந்தால், நெடுவரிசைக் கம்பியில் இருக்கும் வோல்ட்டேஜ் கெபாசிட்டருக்குள் போய் உட்காரும். கதவு மூடியதும் அது அங்கேயே இருக்கும். இரண்டாவது டிரான்சிஸ்டர் அந்த வோல்ட்டேஜைப் பார்த்து எல்இடிக்கு மின்னோட்டம் விடும். எழுதுவது ஒரு கணம், எரிவது அடுத்த முறை எழுதும்வரை முழு நேரமும். பட்டை வராது, முழு 14.8 மில்லி ஆம்பியரும் கிடைக்கும்.

64 புள்ளிக்கு எட்டு டிபிஐசி6பி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர், அதாவது ஒரே கம்பியில் வரும் ஆணையை எட்டுக் காலுக்குப் பிரித்துக் கொடுக்கும் சிப், வாங்கி மாட்டினால் இதே பலன் கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஒவ்வொரு காலும் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஞாபகமும் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. நாளைக்குக் கடைக்காக ஒரு போர்டு செய்வதாக இருந்தால் நான் அதைத்தான் போடுவேன். ஆனால் அதில் 64 புள்ளிக்கும் 64 கம்பி பலகை முழுக்க ஓடும். இதில் 8 வரிசை, 8 நெடுவரிசை, 16 கம்பிதான். அப்புறம் உண்மையைச் சொன்னால், ஒரு பிக்சல் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது என்பதை என் கையால் ஈயம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ரிச்சி தெருவில் வாங்கிய 2என்7000 மாஸ்ஃபெட் ஒரு பை நிறைய வீட்டில் கிடந்தது.

ஒரே ஒரு புள்ளியை, ஈயம் வைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் கட்டினேன். கதவுக்கு ஒரு 2என்7000, கெபாசிட்டர் 100 நானோ ஃபாரட், எல்இடியை இழுக்க இன்னொரு 2என்7000. வரிசைக் கம்பிக்கு 12 வோல்ட் தர வேண்டியிருந்தது. 5 வோல்ட் கொடுத்தால் கதவு தன் திறப்பு வோல்ட்டேஜைக் கழித்துக்கொண்டு 3 வோல்ட் போலத்தான் உள்ளே விடும், அது இரண்டாவது டிரான்சிஸ்டருக்குப் போதாது. 12 கொடுத்ததும் புள்ளி எரிந்தது, வரிசையை அணைத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. மனசு நிறைந்துபோய், அன்றைக்கு ராத்திரியே இரண்டு வரிசை, 16 புள்ளி, போர்டில் ஈயம் வைத்து முடித்துவிட்டேன். ஒரு புள்ளியை மட்டும் சோதித்தது பெரிய தப்பு. குறைந்தபட்சம் 2க்கு 2 கட்டிப் பார்க்காமல் எந்தப் பிக்சல் சுற்றையும் நம்பக் கூடாது என்பதை அடுத்த மூன்று நாளில் கற்றுக்கொண்டேன்.

16 புள்ளியில் என்ன நடந்தது என்றால், முதல் வரிசையில் எரியச் சொன்ன புள்ளி, இரண்டாவது வரிசையிலும் அதே நெடுவரிசையில் எரியச் சொல்லியிருந்தால் மட்டும் நன்றாக எரிந்தது. கீழே இருப்பது அணைந்த புள்ளி என்றால் மேலே இருப்பதும் மங்கிப் போனது. எழுதும் அந்தக் கணம் மட்டும் மின்னி, உடனே செத்துப் போகிறது. மறுபடியும் மல்டிபிளெக்ஸிங் செய்த மாதிரியே ஆகிவிட்டது.

கெபாசிட்டர் ஒழுகுகிறது என்று முடிவு கட்டினேன். ஸ்கேனை நிறுத்திவிட்டு, ஒரு புள்ளியைக் கையால் எழுதி, மல்டிமீட்டரைக் கெபாசிட்டரில் வைத்தால் 5 வோல்ட் கண் முன்னாலேயே 4, 3, 2 என்று ஒரு நொடிக்குள் இறங்கியது, புள்ளியும் அணைந்தது. சந்தேகமே இல்லை, இதுதான் என்று செராமிக் கெபாசிட்டரை எல்லாம் கழற்றி, பாலியெஸ்டர் வாங்கி வந்து மாற்றினேன். ஒரு முழு நாள். மாற்றின பிறகும் அதே ஒரு நொடி. அப்போதுதான் உறைத்தது. மல்டிமீட்டருக்கே 10 மெகா ஓம் உள் மின்தடை இருக்கிறது. 10 மெகா ஓம் பெருக்கல் 100 நானோ ஃபாரட், சரியாக ஒரு நொடி. நான் அளக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மின்னூட்டத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது என் மீட்டர்தான். மீட்டர் வைக்காமல் விட்டால் புள்ளி நிமிஷக் கணக்கில் எரிந்தது. இந்த மாதிரி முனையில் வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும் என்றால் கெபாசிட்டரைத் தொடாதீர்கள், எல்இடியைப் பாருங்கள், இல்லையென்றால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் டிரெய்னில், அதாவது எல்இடி பக்கம் இருக்கும் காலில், அளங்கள்.

அடுத்த நாள் ராத்திரி பட்டாசாலையில் ஆத்தங்குடிக் கல் தரையில் போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தரை குளுகுளுவென்று இருந்தது, வீடு தூங்கிவிட்டது. நானோவைக் கழற்றிவிட்டு, கம்பித் துண்டுகளால் கையாலேயே பலகையை ஓட்டினேன். வரிசை ஒன்றுக்கு 12 வோல்ட், நெடுவரிசைக்கு 5 வோல்ட், புள்ளி எரிந்தது. வரிசையைத் தரைக் கம்பியில், அதாவது கிரவுண்டில் வைத்தேன், கதவு மூடியாயிற்று, புள்ளி எரிகிறது. நெடுவரிசைக் கம்பியை எடுத்துக் காற்றில் விட்டேன், எரிகிறது. அதே கம்பியைக் கிரவுண்டில் தொட்டேன். பட்டென்று அணைந்தது. மூடின கதவு வழியாக எப்படிப் போனது? பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் அதேதான். அணைந்த உடனே மீட்டரை வைத்தால் கெபாசிட்டரில் பூஜ்யம் இல்லை, 0.6 வோல்ட்.

0.6 வோல்ட் என்று எழுதிக் காட்டினால் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்கிற பையனும் சிலிக்கான் டயோடு, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டம் விடும் பாகம், என்று சொல்லிவிடுவான். என் சுற்றுப் படத்தில் டயோடே இல்லை. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை, அதாவது டேட்டாஷீட்டை, எடுத்து 2என்7000 குறியீட்டைப் பார்த்தேன். சோர்ஸுக்கும் டிரெய்னுக்கும் நடுவில் சின்னதாக ஒரு டயோடு வரைந்திருக்கிறது. எத்தனையோ வருஷமாகப் பார்த்த குறியீடு, அந்த டயோடை அன்றைக்குத்தான் உண்மையில் பார்த்தேன்.

விஷயம் இதுதான். மாஸ்ஃபெட்டுக்கு உண்மையில் நான்கு முனை: கேட், டிரெய்ன், சோர்ஸ், நான்காவதாக உடல். மூன்று காலோடு கடையில் வாங்கும் மாஸ்ஃபெட்டில் உடலை உள்ளேயே சோர்ஸோடு சேர்த்துவிடுகிறார்கள். உடலுக்கும் டிரெய்னுக்கும் நடுவில் இருக்கும் சந்தி அப்படியே ஒரு டயோடாக நிற்கும், சோர்ஸில் இருந்து டிரெய்னுக்கு ஒருவழிப் பாதை. கேட்டில் நீங்கள் என்ன கொடுத்தாலும் அது மூடாது. நான் சோர்ஸைக் கெபாசிட்டர் பக்கம் வைத்திருந்தேன். நெடுவரிசை கீழே இறங்கும்போதெல்லாம் கெபாசிட்டரில் இருந்தது டயோடு வழியாக ஓடிப்போய், 0.6 மட்டும் மிஞ்சியது. சரி, திருப்பிப் போடுவோம் என்று ஒரு புள்ளியில் சோர்ஸை நெடுவரிசைப் பக்கம் மாற்றிப் பார்த்தேன். இப்போது நெடுவரிசை மேலே ஏறும்போதெல்லாம் டயோடு வழியாகக் கெபாசிட்டர் நிறைந்துவிடுகிறது, அணைக்கச் சொன்ன புள்ளியும் எரிகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு திசையில் கதவு திறந்தே கிடக்கும்.

புத்தகத்தில் இருக்கும் படம் பொய் இல்லை. அது கண்ணாடி மேல் படிய வைத்த மெல்லிய படல டிரான்சிஸ்டருக்கான படம். அதில் சோர்ஸோடு ஒட்ட வைத்த உடல் கிடையாது, ஆகவே இந்த டயோடும் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடும். அந்தப் படத்தை அப்படியே எடுத்து மூன்று கால் மாஸ்ஃபெட்டுக்குப் பொருத்தினதுதான் என் தவறு. எளிய பிக்சல் சுற்று என்று தேடினால் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் கதவு டிரான்சிஸ்டரை வெறும் மூன்று கோடாகத்தான் வரைகிறார்கள். தயவுசெய்து, கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்கும் அந்த டயோடையும் உங்கள் கையால் வரைந்துகொள்ளுங்கள். வரைந்த உடனே பாதை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தீர்வு இரண்டு உண்டு. இரண்டு 2என்7000ஐச் சோர்ஸோடு சோர்ஸ் சேர்த்து முதுகுக்கு முதுகாக வைத்தால் இரண்டு டயோடும் எதிர் எதிராக நின்று வழியை அடைத்துவிடும். ஒரு புள்ளியில் செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் கதவுக்கு மட்டும் 128 டிரான்சிஸ்டர். இன்னொன்று சிடி4066. ஒரு சிப்பில் நான்கு ஸ்விட்ச், இரண்டு திசையிலும் ஒரே மாதிரி திறந்து மூடும், உடல் முனைகள் சிப்பின் சப்ளையோடு கட்டப்பட்டிருப்பதால் 0க்கும் 5க்கும் நடுவில் இருக்கும் சிக்னலுக்கு டயோடு குறுக்கே வராது. 64 புள்ளிக்கு 16 சிப். 5 வோல்ட்டை வெட்டாமல் முழுசாக உள்ளே விடும் என்பதால் வரிசைக்கு 12 வோல்ட் தேவையும் போய்விட்டது, நானோவின் காலில் இருந்து நேராகக் கொடுக்கலாம். 16 கம்பிக்கு 16 கால். டி2 முதல் டி12 வரை 11, ஏ0 முதல் ஏ4 வரை 5, கணக்குச் சரி. டி13ஐ வேண்டுமென்றே விட்டேன், நானோ முழித்துக்கொள்ளும்போது அதில் முதலில் ஓடும் பூட்லோடர் புரோகிராம் அந்தக் காலை மினுக்கும்.

இது எல்லாம் ஓடின பிறகு, புள்ளி பட்டென்று எரியாமல் மெல்ல மலர வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது. கெபாசிட்டரில் 5 வோல்ட்டுக்குப் பதில் குறைவாக எழுதினால் எல்இடி மங்கலாக எரியுமே என்று தோன்றும். எரியாது, அதாவது ஒரே மாதிரி எரியாது. 2என்7000இன் திறப்பு வோல்ட்டேஜ் டேட்டாஷீட்டில் 0.8 முதல் 3 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறார்கள். என் பையில் இருந்து 20 எடுத்து அளந்தால் 1.8 முதல் 2.4 வரை விரிந்து கிடந்தது. 2.2 வோல்ட் எழுதினால் ஒரு புள்ளி ஜொலிக்கிறது, பக்கத்துப் புள்ளி இருட்டு. ஓஎல்இடி போன்களில் ஒரு புள்ளிக்கு ஏழு டிரான்சிஸ்டர்வரை போடுகிறார்கள் என்றால், இந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவது அதில் ஒரு முக்கியமான காரணம். நம் அளவுக்கு எளிய வழி, டிரான்சிஸ்டரை முழுசாகத் திற அல்லது முழுசாக மூடு, மின்னோட்டத்தை 270 ஓம் ரெசிஸ்டரே தீர்மானிக்கட்டும். முழு 5 வோல்ட்டில் 2என்7000இன் மின்தடை சில ஓம்தான், 270க்கு முன்னால் அது ஒரு கணக்கே இல்லை. அதனால்தான் 64 புள்ளியும் ஒரே வெளிச்சம்.

மலர்வதற்கு நேரத்தைப் பிரித்தேன். ஒரு மில்லி நொடியில் முழுப் பலகையையும் எழுதி, 15 சுற்றில் எத்தனை சுற்று எரிகிறது என்று மாற்றினால் 16 படி வெளிச்சம், நொடிக்கு 66 முறை. ஒரு வரிசைக்கு 125 மைக்ரோ நொடிதான் இப்போது. 5 வோல்ட்டில் 4066இன் திறந்த மின்தடை ஐந்நூறு ஓம் அளவுக்கு வரும், 100 நானோ ஃபாரட் நிறைய அந்த நேரம் இறுக்கமாக இருந்தது, 10 நானோ ஃபாரட் ஆக்கியதும் சுலபமாக நிறைகிறது. ஒழுக்கு 10 நானோ ஆம்பியர் என்றே மோசமாக வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 1 வோல்ட்தான் இறங்கும், நாம் அதற்குள் ஆயிரம் முறை எழுதிவிடுகிறோம். மலரும் அந்த ஒன்றிரண்டு நொடியில் மட்டும் வீடியோவில் லேசான துடிப்பு இருக்கும், முழு வெளிச்சம் வந்ததும் மின்னோட்டம் இடைவிடாமல் ஓடுவதால் பட்டை என்ற பேச்சே இல்லை.

இரண்டு சில்லறைத் தொல்லை. பவர் போட்டதும் ஒரு கணம் கண்டபடி புள்ளிகள் எரிந்தன. நானோ எழுந்திருக்கும்வரை வரிசைக் கம்பிகள் அந்தரத்தில் நிற்பதுதான் காரணம், எட்டுக்கும் கிரவுண்டுக்கு இழுத்து வைக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-டவுன்) போட்டதும் அடங்கியது. அப்புறம் ஐந்தாம் வரிசையில் ஒரு புள்ளி, ஸ்கேனை நிறுத்தினால் மற்றதெல்லாம் எரிந்துகொண்டிருக்க அது மட்டும் ஒரு நொடியில் போய்விடும். ஈயம் வைத்த இடத்தில் சால்டர் பேஸ்ட் படிந்து ஈரம் வாங்கி, மின்னூட்டம் ஒழுக வழி விட்டிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்ததும் மற்றதோடு சேர்ந்துகொண்டது.

விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பலகையை முகப்பில் நிறுத்தினோம். வெயில் இன்னும் திண்ணையில் கிடந்தது. புள்ளிகள் முதல் வரிசை இடப்பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக மலர்ந்து வந்தன. ஆச்சியின் பேரன் போனில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான், ஒரு கோடு இல்லை. ஆச்சி கிட்டே வந்து, தான் போட்ட சிக்கு எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகிறது என்று விரலாலேயே தொடர்ந்துகொண்டு போனார்.

அப்போது ஒரு விஷயம் காட்டுகிறேன் என்று நானோவின் ரீசெட்டை அழுத்திப் பிடித்தேன். எழுதுகிற கை நின்றுவிட்டது, கோலம் அப்படியே நின்றது. "நிறுத்திட்டியா தம்பி, எரியுதே?" என்றார். அரை நிமிஷம் போனதும் நடுவில் ஒரு புள்ளி மெல்ல மங்கி அணைந்தது. அப்புறம் ஓரத்தில் ஒன்று. ஒவ்வொரு கெபாசிட்டரும் தன் போக்கில் ஒழுகி, இரண்டு நிமிஷத்துக்குள் ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் அடங்கின, கடைசிப் புள்ளி கீழ் வரிசை வலது மூலையில் வெகுநேரம் நின்றது. நான் புரோகிராமில் எழுதி வைத்திருந்த முடிவு வேறு, எல்லாப் புள்ளியும் சேர்ந்து மூன்று நொடியில் மங்கும். ஆச்சி அதையும் பார்த்துவிட்டு, "அது வேணாம் தம்பி, இதே இருக்கட்டும்" என்றார். ரீசெட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து, அதன் கம்பியைப் பலகைக்குப் பின்னால் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இழுத்துக் கட்டினேன்.